வாசனை வேலி

பொருநைக் குடியிருப்பு, செவ்வாய்
பழத்தோப்புப் பதிவு. எழுதுவது: ஆவுடையம்மாள், பூச்சியியல்.

மார்ச் 3. காலை

தோப்பின் வெப்பம் இருபத்தாறு டிகிரி. ஈரப்பதம் அளவோடு இருக்கிறது. கொய்யா கிளை தாழக் காய்த்திருக்கிறது. எலுமிச்சை இரண்டாம் முறை பூ எடுத்திருக்கிறது. பப்பாளியில் இரண்டு ஆண் மரமாகப் போய்விட்டன, வெட்ட வேண்டும்.

எனக்குப் பிறகு இந்தத் தோப்பைப் பார்க்க வருகிறவருக்காக இதை எழுதி வருகிறேன். பூச்சியே இல்லாத கோளுக்குப் பூச்சியியல்காரி எதற்கு என்று இங்கே இருக்கிற அறுபது சொச்சம் பேரும் ஒருமுறையாவது என்னைக் கேட்டுவிட்டார்கள். தேனீயின் வேலையைச் செய்யத்தான். தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தைத் தொட்டு அடுத்த பூவில் வைக்கிறேன். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாடுவரை அதுதான்.

வடக்கு வரிசையில் ஒரு கொய்யாக்காயில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி. கிளை உரசியிருக்கலாம். பார்க்க வேண்டும்.

மார்ச் 5. பிற்பகல்

கிளை உரசவில்லை. காயை அறுத்தேன். சதைக்குள் வெள்ளைப் புழுக்கள். ஒன்று உடம்பை வளைத்துத் துள்ளி மேசையில் விழுந்தது. அப்படித் துள்ளுவது பழ ஈயின் புழு மட்டும்தான்.

போன கப்பலில் வந்த மாங்கன்றுகளின் வேர் மண்ணில் கூட்டுப்புழுவாக ஒளிந்து வந்திருக்க வேண்டும். சுட்டுச் சுத்தம் செய்த மண் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது அதைப் பேசிப் பயனில்லை.

கதவைப் பூட்டச் சொல்லிவிட்டேன். நான் உள்ளேயே இருக்கிறேன். திறந்தால் எனக்கு முன்னால் ஈ வெளியே போகும். பக்கத்திலேயே காய்கறிக் குடில். தக்காளியும் பூசணியும் பாகலும் அதற்குக் கொய்யாவைப் போலத்தான்.

நிலையத் தலைவர் மோத்தா தூத்துக்குடிக்காரர். சுற்றி வளைக்காமல் ரேடியோவில் கேட்டார்.

"மருந்து இருக்கா, ஆவுடை? அடிச்சு முடிச்சிரலாமா?"

மருந்து இருக்கிறது. காற்றுப் பிரிவின் சாகுல்தான் எனக்கு முன்னால் பதில் சொன்னார்.

"சார், தோப்புக் காத்துதான் வீட்டுக்கும் வருது. குழாய் வலையில ஈ நிக்கும், மருந்து நிக்காது. அங்க அடிச்சா இங்க படுத்துக் கிடக்கிறவன் மூக்குல ஏறும். நம்ம வீட்டுல வேற மாசமா இருக்கா."

அவர் மனைவி நசீமாவுக்கு இது ஏழாம் மாதம்.

அடுத்த கப்பலுக்கு ஒன்றரை வருடம். சத்து மாத்திரை குழந்தைகளுக்கும் நசீமாவுக்கும் மட்டும் போதும். மற்றவர்களுக்குப் பழம்தான். பழமும் காய்கறியும் இல்லாமல் போனால் முதலில் ஈறில் ரத்தம் கசியும். அப்புறம் ஆறிப்போன பழைய காயங்கள்கூட வாய் திறக்கும்.

மார்ச் 8. காலை

விஷம் இல்லாத ஒரு வழி இருக்கிறது. பழ ஈ பழத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாசனையால். பழுத்த கொய்யாவின் மணம் காற்றில் ஒரு நூல்போல வரும், அதைப் பிடித்துக்கொண்டே பெண் ஈ வந்து சேரும். அந்த நூலை அறுத்தால் போதும். பழத்தைச் சுற்றி அதற்குப் பிடிக்காத வாசனையை நிரப்பினால், பழம் கண்ணெதிரே தொங்கினாலும் அதற்குப் புலப்படாது.

கையில் இருப்பவை எலுமிச்சைத் தோல், எலுமிச்சைப்புல், நொச்சி. தோலையும் புல்லையும் குக்கரில் வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் எடுக்கிறேன். மரத்துக்கு மரம் திரி கட்டி, மின்விசிறியை மெதுவாக ஓட விட்டிருக்கிறேன். தெற்கு மூலையில் துளசியைக் கசக்கிப் பாத்திரங்களில் வைத்திருக்கிறேன். ஆண் ஈக்களுக்குத் துளசி வாசம் என்றால் கிறுக்கு. தானாக வந்து தண்ணீரில் விழுகின்றன.

நான் புளியங்குடிக்காரி. எலுமிச்சைச் சந்தை நாட்களில் எங்கள் தெருவே மணக்கும். இங்கே வந்த பிறகு இத்தனை அடர்த்தியாக அந்த வாசனையை முகர்ந்ததில்லை. குக்கர் விசில் அடித்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14. மாலை

புதிய துளைகள் அநேகமாக நின்றுவிட்டன. புழு விழுந்த காய்களையெல்லாம் பறித்துக் கொதிநீரில் போட்டாயிற்று. துளசிப் பாத்திரங்களில் மிதக்கும் ஈக்களை அள்ளி அள்ளிக் கொட்டுகிறேன். வேலி நிற்கிறது.

ஆனால் வேலி தோப்போடு நிற்கவில்லை. வாசனை காற்றோடு வீடுகளுக்குப் போகிறது. சோற்றில் எலுமிச்சை மணக்கிறதாம், தலையணையிலும் மணக்கிறதாம். பலருக்குத் தலைவலி. நசீமா சாப்பிட்டது எதுவும் தங்காமல் வாந்தி எடுப்பதாக சாகுல் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டேன், சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

இயற்கை வாசனைதானே, யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். பூமியில் பிடிக்காத வாசனை என்றால் எழுந்து போய்விடலாம். இங்கே எழுந்து எங்கே போவது?

மோத்தா பாதியாகக் குறைக்கச் சொன்னார். குறைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

மார்ச் 19. காலை

சாகுல் வெளிப்பக்கமிருந்து கதவைச் சோதித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அக்கா, கதவு ரப்பரு ஊதிப் போய் கெடக்கு. கை வச்சா பிசுபிசுங்குது. உள்பக்கம் எப்படி இருக்கு, பாருங்க."

பார்த்தேன். உள்பக்கம் அதைவிட மோசம். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை ஊறிப்போன ரொட்டிபோல உப்பியிருக்கிறது. நகம் பட்ட இடம் பள்ளமாகி அப்படியே நிற்கிறது.

எலுமிச்சைத் தோல் எண்ணெய். அது ரப்பரைத் தின்னும். இலையை என்ன செய்யும், ஈயை என்ன செய்யும், மனிதரை என்ன செய்யும் என்று பார்த்தேன். கதவை யோசிக்கவில்லை.

கதவு மூடியிருக்கும்வரை காற்றைத் தாங்கும் என்கிறார் சாகுல். ஒருமுறை திறந்தால் மறுபடி பொருந்தாது.

மார்ச் 19. மாலை

காய்கறிக் குடிலில் ஈ. பூசணிப் பிஞ்சின் மேல் உட்கார்ந்திருந்ததை சாகுல் படம் எடுத்து அனுப்பினார். பழுப்பு உடல், மஞ்சள் பட்டை, கூர்மையான வால் நுனி. பெண்.

தோப்புக்கும் குடிலுக்கும் நடுவில் ஒரு காற்றுக் குழாய் போகிறது. அதன் மூடியிலும் அதே ரப்பர்தான். உப்பி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, விரல் நுழைகிற இடைவெளி விட்டிருக்கிறது. என் வாசனை தாங்காமல் கிளம்பிய ஈக்களுக்கு வழியையும் நானே திறந்துவிட்டிருக்கிறேன்.

மார்ச் 20. பிற்பகல்

மூன்று பேரும் ரேடியோவில் நெடுநேரம் பேசினோம். குடிலும் போய்விட்டால் மிச்சம் பருப்பும் அரிசியும்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் யோசனையைச் சொன்னேன். துரத்தியவற்றைத் திரும்பக் கூப்பிட வேண்டும். குடிலில் சாகுல் நொச்சியும் புல்லும் தழையாகவே கட்டித் தொங்கவிட வேண்டும், எண்ணெய் கூடாது. இங்கே நான் திரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பழுத்த கொய்யாக்களை அறுத்து விரித்து வைப்பேன். விசிறியைத் திருப்பி வைத்தால் தோப்பின் மணம் குழாய் வழியே குடிலுக்குப் போகும். ஈக்கள் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். வந்ததும் குழாயை இந்தப் பக்கமிருந்து பசை போட்டு அடைத்துவிட்டு, தோப்பின் சூட்டை அணைக்க வேண்டும். வெளியே இருக்கிற குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மோத்தா மரங்களைப் பற்றிக் கேட்டார். போய்விடும் என்றேன். கன்றுகளும் விதைகளும் விதை அறையில் இருக்கின்றன, அவற்றை வைத்து மறுபடி தொடங்கலாம் என்றேன்.

"மரம் கெடக்கட்டும். நீங்க எப்படிக்கா வெளிய வருவீங்க?" சாகுல்.

விதை அறைக்குத் தனி ஹீட்டரும் தனிக் காற்றுக் குழாயும் இருக்கின்றன. அதன் ஒரு சுவர் நடைவழியை ஒட்டியது. நான் அதற்குள் போய்விடுகிறேன், நீங்கள் அந்தச் சுவரை வெட்டி என்னை எடுங்கள் என்றேன். காற்றுக் கசியாத ஒரு கூண்டை நடைவழியில் கட்டிக்கொண்டுதான் வெட்ட முடியும், அதற்கு நாளாகும் என்றார். நாளாகட்டும் என்றேன்.

மார்ச் 22. பகல்

வருகின்றன.

அறுத்த கொய்யாவின் மணம் தொண்டையை அடைக்கிறது. குழாய் வாயில் காலையில் ஒன்றிரண்டாகத் தெரிந்தவை இப்போது வரிசையாக வருகின்றன. வந்து பழத்தில் இறங்கி, றெக்கையை அகட்டி, சுற்றிச் சுற்றி நடக்கின்றன.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தோப்பு ரீங்கரிக்கிறது. இந்தக் கோளில் ஒரு றெக்கைச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. படிப்பு முழுக்க, வேலை முழுக்க அந்தச் சத்தத்தோடு இருந்தவள். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன். இவற்றைக் கொல்லத்தான் அழைத்திருக்கிறேன் என்பது அப்போதும் நினைவில் இருந்தது.

மார்ச் 23. இரவு

குடிலில் ஒரு ஈகூட இல்லை என்று சாகுல் சொன்னார். இலை இலையாகப் பார்த்தாராம். ஈ கண்ட பக்கத்துப் பிஞ்சுகளையெல்லாம் பறித்துக் கொதிநீரில் போட்டுவிட்டாராம்.

குழாயைப் பசை போட்டு அடைத்தேன். சூட்டை அணைத்தேன். விதை அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த அறையின் ரப்பர் நல்லபடியாக இருக்கிறது, இதற்குள் எண்ணெய் வரவில்லை.

கண்ணாடி வழியே தோப்பைப் பார்க்கிறேன். முதலில் பப்பாளி இலைகள் துவண்டன. பிறகு எலுமிச்சைப் பூக்கள் கண்ணாடிபோல ஆயின. குளிரில் கெட்டியான கதவு ரப்பர் விரிசல் விட்டு, காற்று வெளியேற ஆரம்பித்துவிட்டது. வாசல் பக்கமிருந்து மெல்லிய ஊளை கேட்டது. பிறகு கேட்க அங்கே காற்று இல்லை.

நடைவழியில் அதற்கு அடுத்த கதவைச் சாத்தி நிறுத்திவிட்டார்கள். வீடுகளுக்குப் போகும் காற்றுக் குழாயை சாகுல் முன்பே அடைத்துவிட்டார், விதை அறைச் சுவரும் அந்தக் கதவுக்கு அப்பால்தான். வீடுகளுக்கு ஆபத்தில்லை.

மார்ச் 25. காலை

அறைக்குள் ஈ இருக்கிறது.

என்னோடுதான் வந்திருக்கும். என் தலையிலும் கையிலும் கொய்யா மணம். வெளியே எல்லாம் குளிர்ந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் சூடாக, பழம்போல மணத்துக்கொண்டு, கதவைத் திறந்து உள்ளே வந்திருக்கிறேன். நேற்றிலிருந்து ஆறு ஈக்களை அடித்துவிட்டேன். தோப்பிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கைப்பிடி துளசியை வைத்தேன், இரண்டு ஆண் விழுந்தன. பெண்கள் துளசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சில நேரம் ரேக்குகளுக்குப் பின்னால் றெக்கை கேட்கிறது. கன்றுகளின் வேரைச் சுற்றிய தேங்காய்நாரில் கூட்டுப்புழு இருக்கலாம். ஒரு பெண் ஈ, வயிற்றில் முட்டையோடு, சுவர் வெட்டின ஓட்டை வழியாகப் போய், கூண்டைத் திறக்கும்போது வெளியேறினால் போதும். மறுபடி முதலிலிருந்து.

ஊரில் பழத்தைக் கப்பலில் ஏற்றும்போது ஒன்று செய்வார்கள். உறைய விடாமல், ஒரு டிகிரி இரண்டு டிகிரிக் குளிரில், இரண்டு வாரத்துக்கு மேல் போட்டு வைப்பார்கள். முட்டை, புழு, ஈ எல்லாம் சாகும், பழம் பிழைக்கும். கன்றும் பிழைக்கும். ஆள் பிழைக்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பளி இருக்கிறது, சாக்குகள் இருக்கின்றன, ரொட்டியும் தண்ணீரும் இருக்கின்றன.

ஹீட்டரை இரண்டு டிகிரிக்கு இறக்கிவிட்டு ரேடியோவில் சொன்னேன்.

"நா சொல்லுத வரைக்கும் வெட்டாதே, சாகுல்." முதல்முறையாக அவரை ஒருமையில் பேசிவிட்டேன்.

"எத்தன நாளுக்கா?"

"ரெண்டு வாரம். கூடவும் ஆகலாம்."

"அந்தக் குளிருல நீங்க கெடந்துருவீங்களா? கூண்டு நாலு நாள்ல ரெடியாயிரும். நா வந்து தூக்கிருதேன், ஈய அப்புறம் பாத்துக்கிடுவோம்."

"அப்புறம் பாக்க முடியாது. நசீமாவ நெனச்சுக்கோ."

மோத்தா குறுக்கிட்டார். அவர் குரல் கல்லாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை.

"ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிருதேன், ஆவுடை. அந்தச் சுவர வெட்டுறது நடைவழிக்கே ஆபத்து. உயிரோட ஒரு ஆளு உள்ள இருக்குன்னா அந்த ஆபத்த ஏத்துக்கிடுவேன். ஆளு இல்லேன்னு ஆயிட்டா, காத்தையும் ஹீட்டரையும் நிறுத்திட்டு அறைய அப்படியே விட்டுருவோம். குளிரட்டும்."

சரி என்றேன்.

ஏப்ரல் 1. பகல்

ரேடியோவின் பேட்டரி குளிரில் இறங்கிக்கொண்டே போகிறது. சார்ஜர் தோப்பில் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை என்று வைத்துக்கொண்டோம். "இருக்கேன்" என்பேன். "சரிக்கா" என்பார்.

கால் விரல்கள் வலித்தன. இப்போது வலிக்கவில்லை. வலித்தபோதே நன்றாக இருந்தது.

கன்றுகள் நிற்கின்றன. கொய்யா இலை சிவந்திருக்கிறது, உதிரவில்லை. தரையில் ஈக்கள் அங்கங்கே மல்லாந்து கிடக்கின்றன. துணியால் துடைத்து எடுத்து டப்பாவில் போட்டு மூடுகிறேன். பார்த்தால் செத்த மாதிரி இருக்கின்றன.

இன்று நசீமா இரண்டு இட்லி சாப்பிட்டதாக சாகுல் சொன்னார். ஒரு வார்த்தை ஒப்பந்தத்தை அவர்தான் மீறினார்.

தேதி சரியாகத் தெரியவில்லை

டேப்லெட் அணைந்துவிட்டது. விதை உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். ரேடியோவும் போய்விட்டது. நான் "இருக்கேன்" சொல்லி எத்தனை நாள் என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தால் ஒரு நாள் போனதா ஒரு பொழுது போனதா என்று தெரிவதில்லை.

எதையாவது சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு குழறுகிறது. புளியங்குடித் தெருவில் எலுமிச்சை தரம் பிரிக்கிற பெண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். அவை கன்றுகள்.

உறை, கொய்யா

நடைவழியில் சத்தம். சுவர் அதிர்கிறது. வெட்டுகிறார்கள்.

என் குரல் வராமல் சாகுல் பொறுக்கமாட்டார். எனக்குத் தெரியும். எனக்கும் போக வேண்டும். வெந்நீர் வேண்டும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு ஈயை எடுத்து உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. நிம்மதியாக இருந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு கால் நீண்டது. மடங்கியது. மறுபடி நீண்டது.

நசுக்கிவிட்டேன். ஆனால் இதற்கு உயிர் இருந்தால் தேங்காய்நாருக்குள் இருப்பதற்கும் இருக்கும்.

அடுத்த உறை

நிறுத்தச் சொல்ல வேண்டும். ரேடியோ இல்லை. கத்தினால் எனக்கே கேட்கவில்லை. விதை டப்பாவின் மூடியால் சுவரைத் தட்டினேன். பலமாகத் தட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்றுதான் தட்டினேன்.

வெட்டுவது நின்றது. மறுபக்கமிருந்து யாரோ கையால் தட்டினார்கள், வேகமாக, சந்தோஷமாக. சாகுல்தான். பிறகு வெட்டும் சத்தம் முன்பைவிட வேகமாகத் தொடங்கிவிட்டது.

நான் உயிரோடு இருக்கிறேன், காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்.

மறுபடி தட்டினால் இன்னும் வேகமாக வெட்டுவார்.

கடைசி உறை

தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: தேங்காய்நாரைக் கொதிநீரில் போடாமல் கன்றை எடுக்காதீர்கள். விதைகள் காய்ந்தவை, பயமில்லை. ஹீட்டரில் கை வைக்கவில்லை, குறித்த அளவிலேயே ஓடுகிறது.

வெட்டுவது நின்றது. சாகுல் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். பேச்சுக் குரல்கள். மோத்தா ஏதோ சொல்கிறார், வார்த்தை புரியவில்லை. சாகுல் சத்தம் போடுகிறார், அதுவும் புரியவில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

இன்னும் ஒரு வாரம் போதும். அதற்குப் பிறகு நானே தட்டுவேன். அதுவரை கை இருக்க வேண்டும்.

கொஞ்சம் கழித்து மறுபடி தட்டினார். இந்த முறை மெதுவாக, என் தலைக்கு நேரே.

இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

இப்போது நடைவழியில் யாரும் இல்லை. காற்றுக் குழாய் மட்டும் சீறிக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் யாரும் மூடவில்லை.